இனாம் ரத்தான உடம்பு

எர்லாங்கன், ஜெர்மனி
1971 நவம்பர், புதன் சாயங்காலம்

கும்பகோணத்தில் எழுந்தருளியிருக்கும், ஓய்வுபெற்ற இனாம் செட்டில்மெண்ட் தாசில்தாரும், என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரியவருமான மாமா கிருஷ்ணமூர்த்தி அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை நடேசன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். தங்கள் மகள் கிரிஜா சௌக்கியத்தை நோக்கி மெதுவாக நடந்துகொண்டிருக்கிறாள். அங்கே தாங்களும் அத்தையும், தாங்கள் இன்னமும் மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கும் தெருக்காரர்கள் அனைவரும் சௌக்கியம் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

தங்கள் பதில் கிடைத்தது. டிசம்பர் மாதப் பிரயாணத்தை ஒத்திப்போடும்படி நான் எழுதிய கடிதம் பரிசீலிக்கப்பட்டது என்றும், அதில் காரணமாகக் காட்டப்பட்டிருக்கும் ‘இம்யூன் சப்ரெஷன்’ என்ற வார்த்தை புதிதாக இருக்கிறது என்றும், அதன் பொருள் என்ன, பிறப்பு என்ன, எந்த அதிகாரத்தின் பேரில் அது பெற்ற மகளைப் பார்க்க வரும் தகப்பனைத் தடுக்கிறது என்பதையெல்லாம் திருப்தியாக விளக்காதவரை பிரயாணம் நிற்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் ரிட்டயராகி எத்தனையோ வருஷமாகியும் தங்கள் பேனா ரிட்டயராகவில்லை என்பது தெரிந்து சந்தோஷம். ஆனால் மாமா, இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேளுங்கள். டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். வசந்த காலத்தில் வாருங்கள். போன வருஷம் முழுக்க வாங்க, வாங்க என்று வரிந்து வரிந்து எழுதியவன் நான்தான். இப்போது வராதீங்க என்று எழுத எனக்கு வாய் கூசுகிறது, கை கூசுகிறது, எல்லாம் கூசுகிறது. கேட்ட விளக்கத்தைக் கீழே கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு உத்தரவு போடுங்கள்.

முதலில் வியாதி. ஆடி மாதத்தில் கிரிஜாவுக்குக் கால் வீங்கியது. இங்கே எல்லோரும் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஊர், நானும் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் வந்த வீக்கம் என்று நானே தீர்மானம் பண்ணி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பிறகு முகம் வீங்கியது. முகத்தால் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, சோதித்து, சிறுநீரகத்தில் கோளாறு என்றார்கள். கிருமி எதுவும் இல்லையாம். உடம்புக்குள் காவலுக்கு இருக்கிற படை, வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிப்பதற்குப் பதிலாகச் சொந்தச் சிறுநீரகத்தையே அந்நியன் என்று நினைத்து அடிக்கிறதாம். கிராமத்துத் தலையாரி, பட்டாதாரரையே திருடன் என்று பிடித்துக் கட்டிவைத்து உதைத்தால் என்ன செய்வீர்கள்? தலையாரியின் தடியைப் பிடுங்கி வைப்பீர்கள் அல்லவா? அதைத்தான் இவர்கள் மாத்திரை கொடுத்துச் செய்கிறார்கள். சிறுநீரகம் தப்பித்தது. ஆனால் தடியில்லாத தலையாரி நிஜத் திருடன் வந்தாலும் சும்மாதான் நிற்பான். சாதாரண ஜலதோஷம் கிரிஜாவுக்கு நிமோனியா ஆகலாம். குழந்தைகளுக்கு வருகிற அம்மை அவளைப் படுக்கையில் தள்ளலாம். அதற்கு மேலும் ஆகலாம். அதை நான் எழுதப்போவதில்லை.

இனி வார்த்தை. இங்கே டாக்டர் ப்ரெண்டல் என்று ஒருவர் பார்க்கிறார். நெட்டையான மனிதர், பள்ளிக்கூடத்திலேயே லத்தீன் படித்தவர். நோயாளி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். வார்த்தைக்கு என்ன வேர் என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் வார்த்தையைக் கேட்டேன். ரோமாபுரி ராஜ்யத்தில் ‘முனுஸ்’ என்றால் ஒருவன் ஊருக்குச் செய்தாக வேண்டிய கடமை. வரி கட்டுவது, சாலை போட ஆள் அனுப்புவது, காவலுக்கு நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. அதிலிருந்து விலக்குப் பெற்றவன் ‘இம்யூனிஸ்’. சில ஊர்களுக்கு அந்த விலக்கு உண்டு, சில குடும்பங்களுக்கு உண்டு, பட்டாளத்தில் கைத்தொழில் தெரிந்தவனுக்குப் பள்ளம் தோண்டுவதிலிருந்து உண்டு. அவர் சொல்லிக்கொண்டே போக, ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு உங்கள் முகம் வந்து நின்றது, மாமா. சத்தியமாகச் சொல்கிறேன். இது நம்முடைய இறையிலி அல்லவா? இனாம் அல்லவா? நீங்கள் ஜீப்பில் ஊர் ஊராகப் போய், அழுக்குத் துணியில் சுற்றின செப்பேட்டை விரித்து, இந்த நஞ்சைக்கு வரி கிடையாது என்று வாதாடினவர்களிடம் ஆதாரம் கேட்டீர்களே, அதே சங்கதிதான். போன நூற்றாண்டில் வைத்தியர்கள் அந்த வார்த்தையை வக்கீல்களிடமிருந்து எடுத்துக்கொண்டு உடம்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒருவனுக்கு அம்மை ஒரு தடவை வந்து தன் வரியை வசூலித்துக்கொண்டு போய்விட்டால் மறுபடி வராது. வந்தாலும் உடம்பு ரசீதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும். அந்த உடம்பு இம்யூன். ‘சப்ரெஷன்’ என்றால் கீழே போட்டு அமுக்குவது. ஆகவே கிரிஜாவின் உடம்புக்கு இருந்த இனாம் இப்போது அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அறுபத்து மூன்றில் கவர்மெண்டார் சட்டம் போட்டு இனாமை ஒழித்தார்களே, அது மாதிரி ஒழிப்பு இல்லை, நிறுத்திவைப்புதான். மாத்திரை குறைந்ததும் பழைய பாத்தியதை திரும்ப வரும் என்கிறார். அதுவரை வருகிற போகிற எந்தக் கிருமி கை நீட்டினாலும் அவள் கட்டியாக வேண்டும். பொருளும் பிறப்பும் இதுதான். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது.

அடுத்து, கொஞ்சம் கஷ்டமான விஷயம். அத்தைக்கு அனுப்பிய போட்டோவில் கிரிஜாவின் கன்னம் பூரி மாதிரி இருப்பதைப் பார்த்து, தினம் மாத்திரை, காலையில் குமட்டல், டாக்டர் வெளியே போகாதே என்கிறார், யாரும் வரக்கூடாது என்கிறார் என்றெல்லாம் நான் எழுதியதையும் சேர்த்துக் கூட்டி, அத்தை ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகவும், திருஷ்டி படக்கூடாதென்று நாங்கள் மறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வளைகாப்புக்கு வளையலும் பிரசவ லேகியத்துக்குச் சாமானும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மாமா, கன்னம் வீங்குவது மாத்திரையினால். அத்தை நினைக்கிற விசேஷம் இல்லை. எனக்கும் ஆசைதான், அவளுக்கும் ஆசைதான், ஆனால் இப்போது இல்லை. அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள்.

டாக்டர் எனக்குச் சொன்ன எச்சரிக்கையை நான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவருகிறேன். இந்த ஊரில் கைகுலுக்கல் ஒரு தொற்று. ஆபீசில் காலையில் நுழைந்ததும் பெரியவர் முதல் டைப்பிஸ்ட் வரை எல்லோருக்கும் கை கொடுத்தாக வேண்டும், சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று. நான் நிறுத்திவிட்டேன். இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். இந்தியாவில் ஏதோ பண்டிகை என்று நினைத்துக்கொண்டு எங்கள் மேலதிகாரி எனக்கு ஒரு கேக் கொடுத்தார். இப்போது பிரிவு முழுக்க எனக்கு மட்டும் கும்பிடு போடுகிறார்கள், அதுவும் நெற்றிக்கு மேலே கையைத் தூக்கி, சந்நிதியில் நிற்கிற மாதிரி. போகட்டும். வீட்டுக்கார அம்மாளிடம் ஜெர்மன் வார்த்தையைச் சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன். காவல் பலவீனம் என்று அர்த்தம் வரும், யுத்தம் பார்த்த ஜனங்கள், உடனே புரிந்துகொள்கிறார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் எங்கள் வாசல் தாண்டி வந்ததில்லை. மாடிப்படிக் கைப்பிடியை வினிகர் போட்டுத் துடைக்கிறாள், சூப்பைப் படியில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறாள்.

பிரச்சினை நம்ம ஆட்கள். ஜெர்மன்காரிக்கு ஒரு வார்த்தையில் புரிந்ததை நான் தமிழில் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன். எதிர்ப்பு சக்தி குறைவு என்று முதலில் என்னோடு வேலை செய்கிற அசோகனிடம் சொன்னேன். சக்தி குறைவு என்று காதில் விழுந்தால் நம்மவர்களுக்குக் கை தானாக ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடுகிறது. சாயங்காலமே அசோகன் ஆட்டுக்கால் சூப்பு வைத்து, பானையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் மிதித்து வந்து சேர்ந்தான். குளிரில் சூப்பு உறைந்து கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. வந்தவன் கிரிஜாவின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, ஜெர்மனித் தண்ணி நல்லா ஒத்துக்கிட்டிருக்கே என்கிறான். எனக்கு அழுவதா, அவனை அடிப்பதா என்று தெரியவில்லை. அசோகன் பான் நகரத்தில் இருக்கிற ரவிச்சந்திரனுக்குச் சொல்ல, ரவிச்சந்திரன் மனைவி சியாமளா கொலோனுக்குச் சொல்ல, இந்த நாட்டில் இருக்கிற தமிழர்கள் எல்லோருக்கும் எங்கள் விலாசம் தெரிந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்க்காமல் இருப்பது நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். தூரம் ஒரு பொருட்டே இல்லை. ரயிலில் பாதி நாள் உட்கார்ந்து வருகிறார்கள், ஆரஞ்சோடு. கதவில் ஜெர்மனிலும் தமிழிலும் ஒரு காகிதம் ஒட்டினேன், பார்வையாளர்கள் வருவதைத் தவிர்க்கவும் என்று. ஜெர்மன் தபால்காரர் அதைப் படித்துவிட்டு நுனிக்காலில் நடந்து போகிறார். நம்ம ஆள் படித்துவிட்டு, இது வெளியாட்களுக்கு, நமக்கில்லை என்று மணியடிக்கிறார். நிற்க வைத்துப் பேச முடியுமா? வந்தவர்களுக்குக் காபி போடாமல் இருக்க முடியுமா? டாக்டர்களுடைய புத்தகத்தில் கிருமி குடியேறுகிற உடம்புக்கு விருந்து கொடுக்கிற வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

கொலோனில் தில்லைநாதன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வேதியியல் படிக்கிறான். வீட்டுக்கார அம்மாளின் போனுக்குக் கூப்பிட்டான். வராதே தம்பி என்று நான் மூச்சு விடாமல் விளக்கிச் சொன்னேன். ரோமாபுரி வரைக்கும் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

“ஓம் அண்ணை, விளங்குது. ஆனால் அக்காவுக்குச் சுகமில்லையெண்டு தெரிஞ்சும் வராமல் இருக்க ஏலாது. நாளைக்கு விடிய வெளிக்கிட்டு வாறன்.”

அன்றைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போய் ஒரு பொய் சொன்னேன். இது தொத்திக்கொள்ளும், கிட்ட வந்தால் உங்களுக்கும் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்குத் தன் உயிர் மேல் பயம் இருக்காதா, அது ஒன்றே இவர்களைத் தடுக்கும் என்று கணக்குப் போட்டேன். நம்மவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மாமா. தொத்து வியாதி என்றால் நடேசன் ஒண்டியாக என்ன செய்வான், சமைப்பது யார், துவைப்பது யார் என்று கேட்டுக்கொண்டு முன்னைவிட அதிகமாக வந்தார்கள். வந்து, தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதற்கு ஆளுக்கொரு ஆதாரம் காட்டினார்கள். தில்லைநாதன் நடுக்கூடத்தில் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி, அம்மை குத்தின தழும்பைக் காட்டினான். சியாமளா, தன் அம்மா டைபாய்டு வார்டில் நர்ஸாக இருந்ததால் தனக்குப் பிறவியிலேயே எதுவும் ஒட்டாது என்றாள். அசோகன், தான் மெட்ராசில் மேன்ஷன் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவன், இனிமேல் எந்தக் கிருமியும் தன்னை ஒன்றும் செய்யாது என்றான். உங்கள் முன்னால் செப்பேட்டோடு வரிசையில் நின்றார்களே, அப்படி நின்றார்கள். நீங்களாக இருந்தால் பாதியைப் போலி என்று தள்ளியிருப்பீர்கள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

அப்புறம்தான் எனக்கு நல்ல யோசனை வந்தது. ஆட்கள் வீட்டுக்கு வருவதைத் தடுக்க முடியாது என்றால், வீட்டுக்கு முன்னாலேயே பார்த்துப் பேசி அனுப்பிவிடுவது. ஞாயிற்றுக்கிழமையானால் காலையிலேயே பிளாஸ்க்கில் காபியோடு ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன். ரயில் வந்ததும் பிளாட்பாரத்திலேயே வரவேற்கிறேன். பெஞ்சில் உட்கார வைத்து, கிரிஜாவின் எடை, ரத்த அழுத்தம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் சொல்கிறேன். அழ வேண்டியவர்கள் அங்கேயே அழுகிறார்கள். சாம்பாரை வாங்கிக்கொள்கிறேன், வீட்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது என்பதால் பெஞ்சிலேயே சாப்பிட்டுவிடுகிறேன், தூக்குச்சட்டியைக் கையோடு திருப்பிக் கொடுத்து அடுத்த ரயிலில் ஏற்றிவிடுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஏதோ சுற்றுலாக் கம்பெனிக்காரன் என்று நினைக்கிறார். போன ஞாயிறு ரவிச்சந்திரனும் சியாமளாவும் வந்தார்கள். சியாமளா ஒரே அழுகை. குழந்தையைக் கொஞ்சம் பிடிங்கண்ணா என்று கையில் கொடுத்துவிட்டு அழுதாள். பெண் குழந்தை, நல்ல கொழுகொழு குழந்தை, மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் என் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டேன். அது என் தோளில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை முகத்தைத் தேய்த்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே தும்மிவிட்டு, அப்படியே தூங்கிப்போயிற்று. இந்தக் குழந்தை மட்டும் வீட்டுக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நினைத்துப் பாருங்கள். வாசலிலேயே நின்று காப்பாற்றிவிட்டேன். இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினால் கிரிஜா எல்லாவற்றையும் கேட்பாள். யார் வந்தார்கள், சியாமளா என்ன புடவை, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, தில்லைநாதன் பரீட்சை எழுதினானா, என்னைப் பற்றி என்ன கேட்டார்கள். நான் ஒன்று விடாமல் சொல்வேன். சொல்லச் சொல்ல அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். மாத்திரையால் வருகிற களைப்பு என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், மாமா. பானிலிருந்து வருகிறவர்களையே பிளாட்பாரத்தோடு அனுப்புகிறவன், கும்பகோணத்திலிருந்து வருகிறவர்களை எப்படி உள்ளே விடுவேன்? பம்பாயில் ஒரு விமானம், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு ரயில், அதற்குள் எத்தனை பேர் உங்கள் பக்கத்தில் இருமுவார்கள்? இந்த ஊர் டிசம்பரில் தும்மாத மூக்கே கிடையாது. அதோடு தாங்கள் பொடி போடுகிறவர். தங்கள் தும்மல் பொடித் தும்மல்தான், ஜலதோஷத் தும்மல் இல்லை என்பது எனக்குத் தெரியும், கிரிஜாவுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தும்மலுக்கும் நான் எழுந்து நின்று அது எந்த இனம் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அத்தை மகளைப் பார்த்ததும் கட்டிக்கொள்வாள், கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். அத்தையை எட்ட நில்லுங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொன்னால் அத்தை நிற்கப்போவதும் இல்லை. வேண்டாம் மாமா. மாசியில் வாருங்கள், பங்குனியில் வாருங்கள், நானே வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். இப்போது மட்டும் வராதீர்கள். கோபித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதாமல் இருந்தாலும் சரி, மாப்பிள்ளை சரியில்லை என்று தெரு முழுக்கச் சொன்னாலும் சரி, பொறுத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒன்று ஆனால் நான் பொறுக்கமாட்டேன்.

விளக்கம் தங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று நம்பி, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக வரும் தந்தியை எதிர்பார்த்து, அத்தைக்கும் தங்களுக்கும் விரல் மரத்துப்போகும் இந்தக் குளிரிலும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிடும்,

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
நடேசன்.

கீழே கிரிஜா நாலு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன்.

பின்குறிப்பு.

அப்பா, அம்மாவுக்கும் உங்களுக்கும் நமஸ்காரம். இவர் இடம் விட்டுட்டுக் கடுதாசியை என் பக்கத்துல வெச்சார். வெச்சவர் தும்மினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி தும்மினார். அதுக்கப்புறம் இவர் பட்ட பாட்டை எழுத முடியாது. மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடி, மாடிப்படியில உட்கார்ந்துட்டார். கோட்டு போட்டுக்கக்கூட உள்ளே வரமாட்டேன்னுட்டார். வீட்டுக்கார அம்மாதான் டாக்டருக்குப் போன் பண்ணி, இவருக்குக் கம்பளி குடுத்து உட்கார வெச்சாங்க. நல்ல காய்ச்சலாம். சியாமளா குழந்தையோட ஜலதோஷம்தான். இப்ப இவர் அசோகன் ரூம்ல இருக்கார், சரியாகிற வரைக்கும் இங்கே வரக்கூடாது. நான் மட்டும் தனியா இருக்கேன். எனக்கு இதுவரை ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க, டாக்டர் வந்து பார்த்துட்டுத்தான் போனார்.

அவர் வந்தப்போ நானே கேட்டேன். என் ஜெர்மன் ரொம்ப மோசம், ஆனா இதைக் கேக்கறதுக்காக ரெண்டு மாசமா மனசுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க அப்பா அம்மா எப்பத்தான் வரலாம்னு கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். ஜலதோஷக்காரங்க வேண்டாம், கூட்டம் வேண்டாம், அவ்வளவுதான் அவர் சொன்னாராம். உடம்பு நல்லா இருக்கிறவங்க ரெண்டு பேர் கூட இருந்தா நல்லதுன்னும் அப்பவே சொன்னாராம். இவர் முதல் பாதியைக் கேட்டதுமே எழுந்து ஓடியிருக்கார், இல்லேன்னா ரோமாபுரியைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிருப்பார். ஊரெல்லாம் போய் ஜனங்களைக் கட்டிப் பிடிச்சிட்டு வீட்டுக்கு வந்த ஒரே ஆள் உங்க புருஷன்தான், அவரை நான் முதல்லேயே தடுத்திருக்கணும்னு டாக்டர் சொன்னார்.

இவர் மேலே எனக்குக் கோபம் இல்லைப்பா. நீங்களும் கோபப்படாதீங்க. நான் செத்துப் போயிடுவேன்னு இவருக்குப் பயம். அதை எழுதத் தெரியாமத்தான் இனாம், செப்பேடு, தலையாரின்னு இவ்வளவு பக்கம் எழுதியிருக்கார். எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதைவிட, யாருமே உள்ளே வராத வீட்டுல நாள் முழுக்கப் படுத்துக்கிட்டு, யார் யார் வந்து திரும்பிப் போனாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கறது தாங்கலை. அம்மா மூஞ்சியைப் பார்க்கணும் போல இருக்கு.

டிக்கெட்டை ரத்து பண்ணாதீங்க. முடிஞ்சா முன்னாடியே கிளம்புங்க. வழியில ஜலதோஷம் பிடிச்சா ரெண்டு நாள் அசோகன் ரூம்ல தங்கிட்டு வாங்க, சண்டை போடமாட்டேன். இவர் உடம்பு தேறி ஸ்டேஷனுக்கு வந்து நிப்பார். கையில பிளாஸ்க் இருக்கும், பெஞ்சுல உட்காருங்க, எடையைச் சொல்றேன், ரத்த அழுத்தம் சொல்றேன்னு ஆரம்பிப்பார். உட்காராதீங்கப்பா. நேரா வீட்டுக்கு வந்துடுங்க.

கிரிஜா.